கைமாறும் ஆடையும் காக்கப்படும் மானமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அந்த ஆடைப் பாதி ஒருவருக்குச் சொந்தமாக இல்லாமல், பிறரிடமிருந்து வந்ததாகவோ, சில மணி நேரத்திற்குப் பின் பிறரிடம் போகவேண்டியதாகவோ இருந்தால், எஞ்சிய பாதியாகிய ஆளின் நிலை என்ன? அவருடைய தலை நிமிர்ந்திருக்குமா, தாழ்ந்திருக்குமா? இவ்வினா சிறியதாகத் தோன்றலாம். ஆனால், மூத்தவளின் புதுநன்மை உடையைப் பிரித்து அளவு குறைத்து இளையவளுக்குத் தைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கு இது சிறிய வினா அன்று. அடுத்த வீட்டாரின் பட்டுச் சேலையை உடுத்தித் திருமணத்திற்குச் சென்று, அதில் கறை படிந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே விருந்தை உண்டு முடித்த பெண்களுக்கும் இது சிறிய வினா அன்று.

இலக்கியம் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டிருக்கிறது என்பதைச் சங்க நூல்கள் தொடங்கி நம் காலத் தமிழ்ப் படைப்புகள் வரை சில சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அயல்மொழிக் கதை ஒன்றும் ஒப்பீட்டுக்காக இடம்பெறுகிறது.

ஒரே செயல், இரு பெயர்கள்

பிரித்தானிய அரச குடும்பத்தில் ஒரு திருமுழுக்கு ஆடை புகழ்பெற்றது. விக்டோரியா அரசியின் மூத்த மகளுக்காக 1841-இல் அது தைக்கப்பட்டது. பட்டுத் துணியின்மேல் ஹானிட்டன் என்னும் ஊரின் பின்னல் வேலைப்பாடு அமைந்த அவ்வாடையை, அக்குடும்பத்தின் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக 2004 வரை அணிந்தார்கள். துணி மிகவும் நைந்துபோன பின்னர், 2008-இல் அதேபோன்ற மற்றோர் ஆடை தைக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல குழந்தைகளின் உடல்களைத் தழுவிய அவ்வாடையை எவரும் பழந்துணி என்று இழித்துரைக்கவில்லை. பாரம்பரியம் என்று போற்றினார்கள். செய்தித்தாள்கள் படம் எடுத்து வெளியிட்டன.

இதே செயல் ஓர் ஏழைக் குடும்பத்தில் நிகழும்போது அதன் பெயர் மாறிவிடுகிறது. 'யாரோ போட்டுக் கழித்தது' என்று ஊர் சொல்கிறது. உடுத்தியிருக்கும் குழந்தையின் காதிலும் அச்சொல் விழுகிறது. துணியின் வயதோ, அதை அணிந்தவர்களின் எண்ணிக்கையோ இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆகாது. அரண்மனையில், ஆடையைக் கொடுப்பவரும் அதை ஒருநாள் உடுத்தியவர். பெறுபவரும் நாளை அதைக் கொடுக்கப் போகிறவர். கொடுப்பவர் ஓரினம், பெறுபவர் வேறோர் இனம் என்ற பிரிவு அங்கே இல்லை. ஏழையின் வீட்டிற்கு வரும் ஆடையோ பெரும்பாலும் ஒருவழிப் பாதையில் வருகிறது. கைமாறும் ஆடை மானத்தைக் காக்கிறதா, குலைக்கிறதா என்பதை முடிவு செய்வது இதுவே என்று கருத இடமுண்டு. இக்கருத்தை நம் இலக்கியங்களில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

வள்ளல்கள் வழங்கிய ஆடை

ஆடைக் கொடை சங்கப் பாடல்களில் மிகவும் போற்றப்படும் அறம். முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், வறுமையுற்ற பொருநன் ஒருவன் தன் பழைய உடையை விவரிக்கிறான். ஈரும் பேனும் குடியேறி, வியர்வையில் ஊறி, வேற்று நூலால் ஒட்டுப்போட்டுத் தைத்த கந்தல் அது. அரசன் அதைக் களைந்து, பாம்பின் தோல்போல மெல்லிய, பூவேலைப்பாடு அமைந்த புத்தாடையை அளிக்கிறான். வறுமையின் கொடுமையை இத்துணை உண்மையோடு காட்டிய பழம்பாடல் பிறிதொன்று கிடைப்பது அரிது. கந்தலின் தையலைக்கூடக் கவனித்த அப்புலவரின் கண் வணக்கத்திற்குரியது.

ஆயினும், பாடல் யாருடைய புகழைப் பாடுகிறது என்று நோக்கவேண்டும். அரசனுடைய களஞ்சியம் ஓராடையால் குறைவதில்லை. பெற்றவனோ, அக்கொடையை வழிநெடுகச் சொல்லிச் செல்லும் கடமையுடையவனாகிறான். தன் பழைய இழிநிலையைத் தானே விரித்துரைத்தால்தான் கொடையின் பெருமை விளங்கும். ஆடையோடு சேர்த்து நன்றிக் கடனையும் அவன் உடுத்திக்கொள்கிறான்.

நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில் இரு ஆடைகள் இன்னும் விந்தையான பயணம் மேற்கொள்கின்றன. பேகன் தன் போர்வையைக் காட்டு மயிலுக்கு அளித்தான். ஆய் என்னும் வள்ளலோ, நாகம் தனக்குத் தந்த அரிய ஆடையை ஆலமரத்தடியில் அமர்ந்த இறைவனுக்கு அளித்தான். கைமாறிச் சென்ற அரிய ஆடை ஒன்றைப் பற்றிய மிகப் பழைய தமிழ்க் குறிப்புகளுள் இதுவும் ஒன்று எனலாம். வள்ளன்மையின் எல்லையைக் காட்டும் உயர்வு இவற்றில் உண்டு. ஆனால் மயிலுக்கு இறகு இருந்தது, இறைவனுக்குக் குளிரில்லை. ஆடையின்றி நடுங்கும் மனிதனைக் கடந்து அவ்வாடைகள் சென்றுவிட்டன என்பதையும் இன்றைய வாசகர் எண்ணாமல் இருக்க இயலாது. கொடையின் அழகைப் பாடிய அக்கவிதைகள், பெறுபவரின் உள்ளத்திற்குள் நுழைந்து பார்ப்பதைத் தம் பணியாகக் கொள்ளவில்லை. அப்பணியைப் பிற்காலக் கதைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆறு பேரும் ஓர் உடுப்பும்

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1958-இல் ஒரு கதை வெளியிட்டார். 'ஐஸ்கிரீம் நிறத்து அதிசய உடுப்பு' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். 1959-இல் அவருடைய சிறுகதைத் தொகுப்பில் இடம்பெற்ற இக்கதை, 1998-இல் திரைப்படமாகவும் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மெக்சிகோ நாட்டு வழிவந்த ஏழை இளைஞர் அறுவர் இருக்கிறார்கள். கடைக் கண்ணாடிக்குப் பின்னே தொங்கும் ஒரு வெண்ணிற உடுப்பை வாங்கத் தனியொருவனுக்கு வசதியில்லை. அறுவரும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. ஆகவே ஆளுக்குப் பங்கு போட்டு அதை வாங்கி, முறைவைத்து அணிவது என்று முடிவு செய்கிறார்கள்.

முதல் இரவிலேயே உடுப்பு கைமாறத் தொடங்குகிறது. அதை அணிந்தவுடன் ஒருவனுக்குப் பாட்டு பிறக்கிறது. மற்றொருவனுக்குப் பொதுவிடத்தில் நின்று பேசும் துணிவு வருகிறது. மார்ட்டினஸ் என்னும் இளைஞனை, சன்னலில் நிற்கும் பெண் முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறாள். நாளை இவ்வுடுப்பு தன்னிடம் இருக்காதே என்று அவன் தயங்கும்போது, உடுப்பு இல்லாமலும் வரலாம் என்னும் பொருள்பட அவள் விடையளிக்கிறாள். ஆடை வாயிலைத் திறந்தது. ஆள் உள்ளே நுழைந்தான். கதையின் உயிர்நிலை இவ்விடமே.

இரண்டு சோதனைகளையும் ஆசிரியர் வைக்கிறார். கோமஸ் என்பவன் உடுப்போடு ஊரைவிட்டு ஓடிவிட எண்ணி, மனம் மாறித் திரும்புகிறான். வாமனோஸ் என்பவனோ அழுக்கே உருவானவன். அவனுடைய முறை வரும்போது குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது என்று ஆயிரம் கட்டளைகள் இடுகிறார்கள். அவன் நேராக மதுக்கடைக்குச் செல்கிறான், சண்டையில் மாட்டிக்கொள்கிறான். நண்பர்கள் பதறி ஓடுகிறார்கள். அந்தப் பதற்றம் ஆளைப் பற்றியதா, ஆடையைப் பற்றியதா என்று நமக்கே ஐயம் எழுகிறது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும் கூர்மையான இடம் இது. கடன் கொடுத்த ஆடையை அணிந்தவரை நாம் எவ்வளவு நேரம் மனிதராகப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் நம் ஆடையைத் தாங்கும் கொடியாகப் பார்க்கிறோம்?

கதையில் ஒரு குறையும் உண்டு. இறுதியில், என்றேனும் செல்வராகி ஆளுக்கோர் உடுப்பு வாங்கிவிட்டால் இந்த நட்பு இருக்காதே என்று மார்ட்டினஸ் ஏங்குகிறான். வறுமையே உறவைக் காக்கும் என்னும் இவ்வெண்ணம் கேட்க இனிமையானது. ஆனால் வறுமை உறவுகளை முறிப்பதையும் கண்டறிந்தவர்கள் நாம். ஆயினும், நாம் முன்வைத்த கருத்துக்கு இக்கதை வலுவூட்டுகிறது. அறுவரும் உரிமையாளர், அறுவரும் உடுப்பவர். வாமனோஸ்கூட யாரிடமும் இரந்து பெறவில்லை. தன் முறைக்கு உரியதைப் பெற்றான். எனவேதான் அங்கே கைமாறிய ஆடை எவர் தலையையும் தாழ்த்தவில்லை.

ராஜாவுக்குக் கிடைத்த துண்டு

1923-இல் இடைசெவலில் பிறந்து 1970-இல் மறைந்த கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' தமிழ்ச் சிறுகதையின் சிகரங்களுள் ஒன்று. அதன் தொடக்கமே ஆடையைப் பற்றிய போட்டிதான். செல்வர் வீட்டுச் சிறுவன் ராமசாமி தன் பட்டுச் சட்டையைக் காட்டி, உங்களிடம் இருக்கிறதா என்று ஏழைக் குழந்தைகளைக் கேட்கிறான். பட்டு விரைவில் கிழிந்துபோகும் என்று மங்கம்மாள் மறுமொழி கொடுக்கிறாள். இல்லாமையைச் சொல்லால் ஈடுகட்டும் அந்தச் சிறுமியின் சாதுரியத்தில் எத்துணை வலி!

தீபாவளிக்கு முந்திய நாள், அநாதைச் சிறுவன் ஒருவன், உடலெல்லாம் சிரங்குடன், அரையில் துணியின்றி அவ்வீட்டருகே வருகிறான். குழந்தைகளின் தாய் தாயம்மாள் அவனுக்கு உணவிடுகிறாள். விடிந்ததும் தன் பிள்ளைகளோடு அவனையும் உட்காரவைத்து, சிரங்கு நோகாமல் எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறாள். தன் குழந்தைகள் புத்தாடை உடுத்தி நிற்கும்போது அவன் மட்டும் எப்படி வெற்றுடம்பாய் நிற்பது? கணவனுக்கென வாங்கி வைத்திருந்த துண்டு ஒன்று இருக்கிறது. அவள் தயங்குகிறாள். தயங்கிய பின் அதையே எடுத்து அவனுக்கு உடுத்துகிறாள்.

அத்தயக்கத்தை ஆசிரியர் மறைக்காமல் காட்டியதில்தான் கதையின் நேர்மை இருக்கிறது. பேகன் தயங்கியதாகப் பாடல் சொல்வதில்லை. தாயம்மாளுக்கோ கொடுத்துவிட்டால் வீட்டில் அது குறையும். அக்குறையை அவளும் அவள் கணவனுமே உடுத்திக்கொள்ளவேண்டும். களஞ்சியத்திலிருந்து வரும் கொடைக்கும் உடம்பிலிருந்து கழற்றித் தரும் கொடைக்கும் உள்ள தொலைவு இதுதான்.

அச்சிறுவனின் பெயர் ராஜா. அன்று ராமசாமியின் வீட்டுக்கு அவன் அக்காளின் கணவராகிய ஜமீன்தார் வந்திருக்கிறார். 'ராஜா வந்திருக்கிறார்' என்று அவன் பெருமை பேசும்போது, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக மங்கம்மாள் அறிவிக்கிறாள். முன்பு பட்டுச் சட்டைக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொன்ன அதே சிறுமி, இப்போது உண்மையையே பதிலாகச் சொல்கிறாள். அந்த வீட்டில் அவன் இரவலன் ஆகவில்லை, விருந்தினன் ஆனான். தந்தைக்குரிய துணியை உடுத்தியதால் ஒருநாளேனும் அக்குடும்பத்தின் பிள்ளையானான். மறுநாள் அவனுக்கு என்ன நேரும் என்பதைக் கதை சொல்வதில்லை. அச்சொல்லா மௌனம் நம்மை உறுத்தவேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணம் போலும்.

கிடைக்காத சேலையும் கிடைக்காத மதிப்பும்

ஆடை கைமாறாத இடத்தையும் நம் இலக்கியம் பதிவு செய்துள்ளது. 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', ஒரு தலித் கத்தோலிக்கப் பெண்ணின் தன்வரலாறு. ஆங்கில மொழிபெயர்ப்பின் வழி உலகெங்கும் சென்ற நூல் அது. கல்லூரியின் இறுதியாண்டு விருந்துக்கு மற்ற மாணவியர் நல்ல சேலைகளில் வந்தபோது, உடுத்த ஏற்ற சேலையின்றி, விருந்து முடியும்வரை குளியலறையில் ஒளிந்திருந்ததை அதில் அவர் எழுதுகிறார்.

சில வரிகளில் கடந்துபோகும் நிகழ்ச்சிதான். ஆனால் படித்தவர் மறப்பதில்லை. தோழி ஒருத்தி தன் சேலையை இரவல் கொடுத்திருந்தால் அன்றைய துன்பம் தீர்ந்திருக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். கேட்பதற்கே கூசும் நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்று சொல்வது எத்தகைய நீதி? விருந்துக்கு இன்ன சேலைதான் தகும் என்று முடிவு செய்தவர்கள், அம்முடிவாலேயே ஒருத்தியைக் கதவுக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். ஆடை கிடைக்கவில்லை என்பதைவிட, தன்னைத் தேடி ஒருவரும் வரவில்லை என்பதே அந்த மூடிய கதவின் துயரம்.

1994-இல் வெளியான இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதன் தலைவி ஆரோக்கியம், தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துக் கிறிஸ்தவப் பெண். நம் ஊர்களில் பூப்பு, இறப்பு முதலிய சடங்குகளுக்கு வண்ணார் கொண்டுவரும் துணிக்கு 'மாற்று' என்று பெயர். வீட்டுக்கு வீடு, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கைமாறிச் செல்லும் ஆடை அது. அதை ஏந்திவரும் கையின்றிச் சடங்கு நடவாது. ஆனால் அந்தக் கைக்கு ஊர் தந்த இடம் வாசலுக்கு வெளியேதான். ஆடை மட்டும் சுற்றிவந்தால் போதாது, மதிப்பும் உடன் சுற்றிவர வேண்டும் என்பதை இவ்விரு நூல்களும் நமக்கு உரத்துச் சொல்கின்றன. அவற்றில் வரும் துயரம் நம் திரு அவையின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது என்பதால், நாம் அவற்றை அயலார்போல் படித்துவிட்டுப் போக முடியாது.

விவிலியம் காட்டும் வழி

விவிலியத்திலும் ஆடைகள் கைமாறுகின்றன. ஏசாவின் நல்லாடையை ரெபேக்கா யாக்கோபுக்கு உடுத்தியது ஏமாற்றுவதற்காக. சிலுவையடியில் ஆண்டவரின் தையலில்லா அங்கிக்குப் படைவீரர் சீட்டுப் போட்டது கொள்ளைக்காக. இவற்றுக்கு எதிராக ஒளிர்வது யோனத்தானின் செயல். அரசன் மகனாகிய அவன், ஆடு மேய்த்த தாவீதுக்குத் தான் அணிந்திருந்த மேலங்கியையே கழற்றிக் கொடுத்தான் என்று முதல் சாமுவேல் நூல் கூறுகிறது. தந்தையின் அரண்மனையில் வேறு அங்கிகள் இல்லாமலா இருந்திருக்கும்? தன் உடலின் சூடு ஆறாத ஆடையைக் கொடுத்தபோது, தாவீதைத் தனக்கு இணையாக்கினான்.

அமியான் நகர வாயிலில் குளிரால் நடுங்கிய ஏழைக்குத் தன் போர்வையை வெட்டிப் பாதி கொடுத்த புனித மார்ட்டினின் வரலாறும் நாம் அறிந்ததே. முழுவதையும் கொடுத்திருந்தால் அவர் வள்ளல் எனப்பட்டிருப்பார். பாதியைத் தம் தோளிலும் பாதியை ஏழையின் தோளிலும் போட்டதால், இருவரும் ஒரே துணியை உடுத்திய உடன்பிறப்புகள் ஆனார்கள். அப்போர்வையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சாப்பல்' என்னும் சொல் பிறந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பகிரப்பட்ட ஓர் ஆடையின் பெயரால் நம் வழிபாட்டிடங்கள் அழைக்கப்படுகின்றன!

நம் பங்குகளில்

குழந்தைகள் பகுத்தறியும் வயதிலேயே நற்கருணை பெறலாம் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-இல் வழிவகுத்தார். சிறு குழந்தைகள் வெண்ணிற உடையில் பீடத்தை நெருங்கும் இனிய காட்சி உலகெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். அந்த உடை நம் வீடுகளில் ஒருநாளோடு நின்றுவிடுவதில்லை. புதுநன்மைக்குப் பின் நற்கருணைப் பவனியில் மலர் தூவ அதே உடை. கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தில் வானதூதராக நிற்கவும் அதே உடை. பிறகு தங்கைக்கு, சித்தி மகளுக்கு, அடுத்த தெருவுக்கு. நம் கண்முன் நடக்கும் அழகிய கைமாற்றம் இது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் அது வந்து சேர்வதில்லை. கம்பைநல்லூர், மொரப்பூர், அரூர் என மழையை நம்பிப் பயிர்செய்யும் தர்மபுரி மாவட்டத்து ஊர்களிலிருந்து, திருப்பூருக்குப் பனியன் தைக்கவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் செல்லும் குடும்பங்கள் பல. ஊருக்கெல்லாம் ஆடை தைக்கும் கைகளுக்குத் தம் பிள்ளையின் ஒருநாள் உடைக்காகக் கடன் வாங்கவேண்டிய நிலை வரலாகாது. 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தாய் சொல்லும்போது, அதன் பின்னால் இருப்பது ஞானோபதேசக் குறைவா, துணிக் கடைக் கணக்கா என்று நாம் கேட்டறிய வேண்டாமா?

இதற்காகப் பங்கில் பொது உடைகள் வைத்திருக்கலாம். ஆனால் 'ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று அவை அலமாரியில் பூட்டி வைக்கப்படுமானால், நாம் கரிகாலனின் களஞ்சியத்தையே திரும்பக் கட்டுகிறோம். உடுத்தும் குழந்தையை நன்றிப் பாடல் பாடும் பொருநனாக்குகிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதே அலமாரியிலிருந்து அதே உடையை எடுத்து அணியட்டும். அடுத்த ஆண்டு அது யாருக்குப் போகிறது என்று எவருக்கும் தெரியாமல் போகட்டும். அப்போதுதான் அந்த உடை அறுவர் பங்கிட்ட வெண்ணிற உடுப்பாகும். தாயம்மாள் வீட்டுத் துண்டாகும். திருமுழுக்கின்போது கிறிஸ்துவையே உடுத்திக்கொண்டோம் என்று திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதியது நினைவிருக்கட்டும். அனைவருக்கும் ஒரே ஆடை தரப்பட்ட பின், அதன்மேல் போடும் துணியால் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்த நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

கொடுப்பவரும் உடுப்பவராக இருக்கும்போதே, கைமாறும் ஆடை மானத்தைக் காக்கும். பல காலத்துப் படைப்பாளர்கள் பல மொழிகளில் நமக்கு உணர்த்தும் உண்மை இது. வரும் புதுநன்மை ஞாயிறன்று, வெண்ணுடையில் வரிசையாக நிற்கும் குழந்தைகளைக் காணும்போது, வரிசையில் இடம்பெறாத குழந்தை எது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். கதவுக்கு அப்பால் ஒளிந்திருப்பவரைத் தேடிச் சென்று அழைத்து வருவது, நம் அலமாரியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய பணியாகும்.